அனுமதி பெறாமல் தெளிந்த ஓடை

நூறு வருஷமாகப் பரங்கிப்பழ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆக்னஸ் ஓடை, ஒரு ஜூன் மாதம் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும்படி தெளிந்து ஓடத் தொடங்கியதும் சுற்றுச்சூழல் துறையின் மண்டல அலுவலகம் பதறிப்போய்விட்டது. ஓடை கெட்டுக் கிடந்த காலமெல்லாம் அலுவலகத்துக்கு ஒரு பதற்றமும் இருந்ததில்லை. கெட்டது கெட்டபடியே இருக்கிறது என்று வருஷா வருஷம் அறிக்கை எழுதி, அட்டை போட்டு, அலமாரியில் அடுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். பாலத்தடியில் அவர்கள் பொருத்தியிருந்த அளவைக் கருவி இப்போது வேறு எண்ணைக் காட்டவும், கருவி பழுது என்று முடிவுகட்டிப் புதுக் கருவி வைத்தார்கள். அதுவும் அதே எண்ணைக் காட்டியது. அதற்குப் பிறகுதான் யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கு உறைத்தது.

விஷமம் செய்தவள் வெர்னா பெர்கோ. டால்டன் கேம்ப் என்ற மலையூரில் சலவைக்கடை வைத்திருப்பவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கடைதான் அவளுக்குச் சோறும் பேச்சுத்துணையும். கடைக்குத் தண்ணீர் பின்கட்டுக் கிணற்றிலிருந்து வருகிறது. கிணற்றுக்கு ஓடையிலிருந்து வருகிறது. ஓடைக்கு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வினையே இருந்தது.

மேலே மலையில் ஸ்வீட் ஆக்னஸ் என்று ஒரு வெள்ளிச் சுரங்கம். கம்பெனி வந்தது, வெள்ளியை எடுத்துக்கொண்டது, கழித்துப் போட்ட கல்லையும் மண்ணையும் ஓடைக்கரையில் ஒரு மேடாகக் குவித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனது. பிறகு கம்பெனியே கலைந்துவிட்டது. ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகி அந்தக் கழிவுக் குவியலுக்குள் இறங்கி, துருவும் அமிலமுமாக ஓடையில் கலக்கும். அப்போது வெர்னா வெளுக்கும் வெள்ளைத் துணியெல்லாம் காவி ஏறித்தான் வெளியே வரும்.

ஊரில் இருக்கும் ஒரே ஹோட்டல் பெர்ல் ட்ரெம்பாத்துடையது. அதன் படுக்கை விரிப்புகள்தான் வெர்னாவின் கடைக்கு உயிர்நாடி. பெர்லும் வெர்னாவும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அந்தப் பெர்லே ஏப்ரல் மாதம் வந்து கண்ணைப் பார்க்காமல் பேசினாள்.

"கோவிச்சுக்காதடீ. நேத்து ஒருத்தன் விரிப்பைத் தூக்கிக்கிட்டு வந்து, இதுல போன வாரம் யாரைக் கொன்னீங்கன்னு கேக்கறான். இந்த வருஷமும் இப்படியே வந்தா நான் துணியைப் பக்கத்து ஊருக்குத்தான் அனுப்பணும்."

வெர்னா பல வருஷமாக மண்டல அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தவள். சுரங்கத்தின் சொந்தக்காரர் உயிரோடு இல்லாததால் யாரும் பொறுப்பில்லை, தங்கள் அக்கறைக்கு நன்றி என்று பதில் வரும். கையெழுத்து மண்டல அதிகாரி வின்ஸ்லோ ஹார்ட்விக். யாரும் பொறுப்பில்லை என்றால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றுதான் அவள் புரிந்துகொண்டாள். நம்மைப் போன்றவர்களுக்கு அப்படித்தான் புரியும். பெர்ல் வந்துபோன பின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கொழுந்தன் எம்மெட்டைக் கூட்டிக்கொண்டு, ஆளுக்கொரு மண்வெட்டியோடு மலையேறினாள். குவியலுக்கு மேல்புறம் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். உருகி வரும் தண்ணீர் குவியலுக்குள் இறங்காமல் சுற்றிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். தொடர்ந்து சில ஞாயிறுகள் முதுகு ஒடிந்தது. ஜூனில் பெர்லின் விரிப்புகள் பால் வெள்ளையாக வந்தன. பெர்ல் அவற்றைக் கொடியிலிருந்து எடுக்கவே விடவில்லை, ஊர் பார்க்கட்டும் என்றாள்.

ஊர் பார்த்ததோ இல்லையோ, ஹார்ட்விக் பார்த்துவிட்டார்.

கடை வாசலில் அவர் கார் வந்து நின்றபோது, நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று வெர்னா நம்பினாள். காப்பி ஊற்றினாள். வால்நட் அரைத்துத் தடவிச் சுருட்டிச் சுட்ட பொதீத்சா ரொட்டியைத் தடிமனாக நறுக்கி வைத்தாள். எங்கள் ஊரில் அது ஈஸ்டருக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் பண்டம். ஹார்ட்விக் கழுத்தில் பெரிய தூரநோக்கி ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, இரண்டு துண்டை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

"ஆக்னஸை யாரு தொட்டது?" என்றார்.

"நான்தான் சார். இவன் என் கொழுந்தன், கூட வந்தான்." பக்கத்தில் நின்ற எம்மெட்டைக் காட்டிய வெர்னாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாழ்த்துக்கள். இனிமே அந்தச் சுரங்கத்தை நடத்தறவங்க நீங்கதான்."

"நான் சலவைக்கடைதான் சார் நடத்தறேன்."

"சட்டப்படி, கைவிட்ட சுரங்கத்துல எவர் கை வைக்கிறாரோ அவரே அதை நடத்துபவர். அதுலேருந்து இதுவரைக்கும் வந்த அழுக்கு, இப்ப வர்ற அழுக்கு, இனிமே வரப்போற அழுக்கு, மூணுக்கும் நீங்க பொறுப்பு."

"அழுக்கு குறைஞ்சிருக்கே சார். கொடியில பாருங்க."

"அதேதான் விஷயம். அனுமதி பெறாத முன்னேற்றம். முன்னேற்றம் இருக்குன்னா யாரோ கை வச்சிருக்காங்க. கை வச்சா பொறுப்பு." அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நீங்க தொடறவரைக்கும் அது சரித்திரம்மா. தொட்ட நிமிஷத்துலேருந்து குற்றம்."

எம்மெட் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. "குவிச்சவனை என்ன பண்ணினீங்க?"

"அவர் இறந்துட்டார். இறந்தவங்களோட ஒத்துழைப்பு எங்களுக்குக் கிடைக்கிறதில்ல."

வெர்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அவளுக்குப் புரியவைக்கவேண்டும் என்று உண்மையிலேயே பிரியப்பட்டார். நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வழியில ஒருத்தன் அடிபட்டுக் கிடக்கிறான்னு வச்சுக்குங்க. பெரிய மனுஷங்க ரெண்டு பேர் பாத்துட்டு எதிர்ப்பக்கமா ஒதுங்கிப் போறாங்க. அவங்க மேல சட்டத்துல ஒரு குறையும் கிடையாது, பாதசாரியா சரியா நடந்துக்கிட்டாங்க. மூணாவதா ஒருத்தன் வந்து காயத்துக்குக் கட்டுப் போடறான். இப்ப அந்தக் காயம் யாரோடது? அடிச்சவன் ஓடிட்டான். கட்டுப் போட்டவன் கையில ரத்தம் இருக்கு. நாங்க கையைத்தான் பாக்கமுடியும்."

"அப்ப நீங்க இத்தனை வருஷமா என்ன பண்றீங்க?" என்றாள் வெர்னா.

"கண்காணிக்கிறேன்." தூரநோக்கியைத் தட்டிக் காட்டினார். அவர் குரலில் பெருமை இருந்தது. "நான் இந்தப் பதவிக்கு வந்ததுலேருந்து ஆக்னஸ் என் கட்டுப்பாட்டுல இருக்கு. ஒருநாள்கூட மிதிச்சதில்ல. ரோட்டுல நின்னுதான் பாப்பேன். பாத்தா பணி, மிதிச்சா பொறுப்பு. எங்க அலுவலகத்துல சேர்ற பையனுக்கு நாங்க முதல்ல சொல்லிக் கொடுக்கிறதே அதுதான்."

நல்ல மனசோடு சுரங்கத்தைச் சுத்தம் செய்கிறவர்களைக் காப்பாற்ற நல்லெண்ணப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று புதிதாக வந்திருப்பதாக எம்மெட் எங்கோ படித்திருந்தான். அவன் அதைச் சொன்னதும் ஹார்ட்விக் முகம் மலர்ந்தது. அது மிக அழகான சட்டம் என்றார். தானே அதன் மண்டலப் பொறுப்பாளர் என்றார். இதுவரை யாருக்கும் அனுமதி கொடுக்கவேண்டிய அவசியம் நேரவில்லை என்றும் சொன்னார். தொடுவதற்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும். விண்ணப்பத்தோடு ஓடைத் தண்ணீரின் மாதிரி ஒன்றும் வைக்கவேண்டும். தண்ணீர் எடுக்கப் புட்டியை ஓடையில் முக்கவேண்டும். முக்கினால் தொட்டதாகிவிடும்.

"அதோட, இதனால உங்களுக்கு ஆதாயமே இருக்கக்கூடாது. உங்க துணி வெளுத்திருக்கு. அப்ப எப்படித் தொண்டுன்னு சொல்றது? சுரங்கத்தோட குடும்பத் தொடர்பும் கூடாது. உங்க புருஷன் வீட்டுல யாராவது அங்க வேலை பாத்திருக்காங்களா?"

"எங்க பாட்டனாருக்கு அப்பா," என்றான் எம்மெட். "உள்ள மண்ணு அள்ளினாரு. கூரை இறங்கினப்ப உள்ளதான் இருந்தாரு, இன்னும் வெளியில வரல. வேணும்னா நீங்களே போய்க் கேளுங்க."

ஹார்ட்விக் தலையைக் கொஞ்சம் சாய்த்து யோசித்தார். "அப்படின்னா தொடர்பு இன்னும் நீடிக்குது," என்றார்.

அந்த வாரக் கடைசியில் தீயணைப்பு நிலையத்தில் பொது விசாரணை வைத்தார்கள். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போட்டிருந்தது. ஊரே வந்திருந்தது, ஏனென்றால் வேறு வேலை இல்லை. ஹார்ட்விக் மேடையேறி, சுத்தமான தண்ணீர் ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்று தொடங்கினார். அந்த உரிமையைக் குடிமக்கள் தாங்களாகவே எடுத்துக்கொள்ளத் தொடங்கினால் அலுவலகம் எதற்கு என்று கேட்டார். அவர் அதை உருக்கமாகத்தான் கேட்டார், ஆனால் கூட்டத்தில் பலபேருக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போய்விட்டது.

பிறகு உத்தரவைப் படித்தார். வெர்னா பெர்கோ கோடைக்குள் வாய்க்காலைத் தூர்த்து, ஓடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியது. தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம், கட்டமுடியாவிட்டால் கடையும் வீடும் ஜப்தி. தூர்ப்பதும் தொடுவதில்தான் சேரும் என்பதால் அதற்கும் அவளே பொறுப்பு. பழைய நிலை எது என்பதில் குழப்பம் வரக்கூடாது என்று, பெயிண்ட் கடையில் கொடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு நிற அட்டையும் நீட்டினார். நடுவில் ஒரு கட்டத்தைப் பேனாவால் வட்டமிட்டிருந்தது. நல்ல பழுத்த பரங்கி நிறம்.

"தண்ணியை ஒரு வெள்ளைக் கோப்பையில பிடிச்சு, பக்கத்துல இந்த அட்டையை வச்சுப் பாருங்க. ரெண்டும் பொருந்தினா நாங்க உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டோம்."

வெர்னா அட்டையை வாங்கிப் பார்த்தாள். அவள் வாழ்நாளில் பாதியை அந்த நிறத்தைத் துணியிலிருந்து எடுப்பதற்கே செலவழித்திருந்தாள். அந்த வட்டத்தைப் பார்த்ததும் அதுவரை இருந்த பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"மாட்டேன் சார்," என்றாள்.

"அது ஒரு ஆட்சேபணையா?"

"இல்ல. மாட்டேன், அவ்வளவுதான். தண்ணியை அழுக்காக்கச் சொல்றீங்க. நான் வெளுக்கிறவ. வேற ஆளைப் பாருங்க."

ஊரெல்லாம் சேர்ந்து சுத்தம் செய்தால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். எத்தனை பேர் தொட்டாலும் அத்தனை பேருக்கும் முழுப் பொறுப்பு என்றார் ஹார்ட்விக். தலைமை தாங்கி நடத்துகிறவர் எவரோ அவருக்கு முதல் பொறுப்பு, மற்றவர்கள் அவருக்குப் பின்னால் என்றார். வெர்னா அதைக் கேட்டுக்கொண்டே நிற அட்டையை மடித்துப் பையில் போட்டாள். பிறகு பெர்லைப் பார்த்தாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அதற்குமேல் பேச்சு வேண்டாம்.

பெர்ல் எழுந்தாள். அவள்தான் ஊர்த் திருவிழாக் கமிட்டித் தலைவி.

"ஐயா, வேற விஷயம். ஜூலையில எங்க ஊர் மண்ணள்ளுற போட்டி. இந்த வருஷம் நீங்க வந்து தொடங்கி வைக்கணும். உங்களை மாதிரி ஒரு பெரிய மனுஷர் எங்களுக்குக் கிடைச்சதே இல்ல. போன வருஷம் பல் டாக்டரை வச்சு ஒப்பேத்தினோம்."

அந்தப் போட்டி எங்கள் ஊருக்கு உயிர். தண்டவாளத்தில் தள்ளுவண்டியை நிறுத்தி, கல்லும் மண்ணும் எவன் முதலில் அள்ளி நிரப்புகிறான் என்று பார்ப்பது. முதல் மண்வெட்டி மண்ணை அள்ளிப் போடுகிற விருந்தாளியின் தலையில் தகரத் தொப்பியைக் கவிழ்ப்பார்கள். அவர்தான் அந்த வருஷத்துக் கேப்டன், அதாவது சுரங்கத்தின் மேலாள். "இந்தச் சுரங்கமும் இதில் வேலை செய்கிறவர்களும் இன்று என் பொறுப்பு" என்று அவர் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கையில் மண்வெட்டி எடுக்கலாம்.

"பாரம்பரியம்னா எனக்கு உயிர்," என்றார் ஹார்ட்விக். "பத்திரிகையிலேருந்து வருவாங்களா?"

வழக்கமாகப் போட்டி பேஸ்பால் மைதானத்தில் நடக்கும். எங்கிருந்தோ லாரியில் கல்லைக் கொண்டுவந்து கொட்டி, அள்ளி முடிந்ததும் மறுபடி லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். இந்த வருஷம் கல்லிருக்கும் இடத்துக்கே போட்டியைக் கொண்டுபோனால் என்ன என்று கமிட்டி கூடிப் பேசியது. பேசினார்களே தவிர ஒருவரும் வெளியே மூச்சு விடவில்லை. எங்கள் ஊரில் ஒரு ரகசியம் இத்தனை நாள் தங்கியது அதுவே முதல் தடவை. எம்மெட் டிராக்டரில் தண்டவாளத்தையும் வண்டிகளையும் இழுத்துப் போனான். ஓடைக்கு எட்டாத மேட்டில், பெர்லின் நிலத்தில் பெரிய பள்ளம் வெட்டி, அடியில் களிமண்ணை அழுத்திப் பூசி வைத்தார்கள். அள்ளுகிற கழிவு அங்கே போய்ச் சேர்வதாக ஏற்பாடு.

திருவிழாவன்று ஹார்ட்விக் இஸ்திரி மடிப்புக் கலையாத வெளிர்நிறக் கால்சட்டையில் வந்தார். அவரை ஹோட்டல் வாசலில் வைக்கோல் வண்டியில் ஏற்றி, பேண்டு முழங்க, காட்டுப்பாதை வழியாக மலையின் பின்பக்கமாகக் கூட்டிப்போனார்கள். தோரணம், கொடி, வறுத்த சோளம், இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி விற்கிற கடை எல்லாம் அங்கே தயாராக இருந்தன. ஹார்ட்விக் கண் எதிரே ஸ்வீட் ஆக்னஸின் குவியல் நின்றது. அவர் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரோட்டில் நின்று தூரநோக்கியில் பார்த்தவர், இவ்வளவு கிட்டத்தில் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"கல்லெல்லாம் தத்ரூபமா இருக்கே," என்றார் வெர்னாவிடம். அவளைப் பார்த்ததில் அவருக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை, ஜப்தி வேறு திருவிழா வேறு.

"கமிட்டி ரொம்ப மெனக்கெட்டுது சார்."

தகரத் தொப்பி வைத்தார்கள். காதுவரை இறங்கியது. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு, பத்திரிகைக்காரன் பக்கம் முகத்தைத் திருப்பி, "இந்தச் சுரங்கமும் இதில் வேலை செய்கிறவர்களும் இன்று என் பொறுப்பு" என்றார். குரல் எடுப்பாக இருந்தது. முதல் மண்வெட்டி மண் வண்டியில் விழுந்தது. கூட்டம் கைதட்டவும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை, இன்னும் நான்கைந்து தடவை அள்ளிப் போட்டார். அப்புறம் ஊரே இறங்கியது. கிழவர்கள், பள்ளிக்கூட வாத்தியார், பாதிரியார், பல் டாக்டர் எல்லோரும் அணி அணியாக அள்ளினார்கள். கேப்டன் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று, "அந்த மூலையில மிச்சம் இருக்கு பாருங்க" என்று விரட்டினார். வெர்னா அள்ளினாள். அவள் புருஷனின் பாட்டனாருக்கு அப்பா உள்ளேயிருந்து வாரிக் கொட்டியது இதில் எங்கோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கை மட்டும் நிற்கவில்லை.

மாலை மங்கும்போது குவியல் இருந்த இடம் வழித்துவிட்ட சட்டி மாதிரி கிடந்தது. ஹார்ட்விக் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காலாற நடந்தார். ரோட்டைப் பார்த்து ஒரு பலகை நின்றிருந்தது. பின்பக்கம் மட்டும்தான் இங்கிருந்து தெரியும். சுற்றிப்போய் முன்பக்கத்தைப் படித்தார். மண்டல அலுவலகம், தொடாதீர்கள், மீறுவோர் பொறுப்பாவர். கீழே அவர் கையெழுத்து.

பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவரின் தொப்பி மட்டும் தெரிந்தது.

"இது எந்த இடம்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ஆக்னஸ், கேப்டன்," என்றான் எம்மெட்.

ஹார்ட்விக் திரும்பி வந்து பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அவர் கால்சட்டை முழங்கால்வரை பரங்கி நிறமாக இருந்தது. "நான் எதையும் பாக்கல," என்றார். "நான் இங்க வரவே இல்ல. நீங்களும் வரல. எல்லாருக்கும் அதான் நல்லது."

"அதெல்லாம் முடியாது சார்," என்றாள் வெர்னா. "நாங்க திருட்டுத்தனமா ஒண்ணும் பண்ணல. பட்டப்பகல்ல, பேண்டு வச்சு அள்ளினோம். நீங்களும் நல்லாத்தான் அள்ளினீங்க. பாத்தேன்னு எழுதுங்க. என் பேரைப் போடுங்க, எனக்கு மேல உங்க பேரைப் போடுங்க. என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டா போட்டோவோட வருவேன்."

"என் வீட்டை எடுத்துப்பாங்கம்மா."

"ஆமா சார். என் வீட்டையும் அப்படித்தானே எடுக்கறதா இருந்தீங்க."

அவர் தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு வைக்கோல் வண்டியைப் பார்த்து நடந்தார்.

நல்லெண்ணப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எங்கள் மண்டலத்தின் முதல் அனுமதி அடுத்த வாரமே வந்தது. அலுவலகம் அவ்வளவு வேகமாக ஓடி நாங்கள் பார்த்ததில்லை. தொட்ட பிறகு விண்ணப்பிப்பது தொடுவதற்கு முன் விண்ணப்பித்ததாகவே கருதப்படும் என்று அதில் இருந்தது. துணி வெளுப்பது ஆதாயம் ஆகாது, அது இயற்கை என்று இருந்தது. உள்ளேயே தங்கிவிட்ட முன்னோர் தொடர்பில் சேரமாட்டார் என்று இருந்தது. பாதுகாப்பு கேப்டனுக்கும், அவருக்குக் கீழ் அள்ளியவர்களுக்கும், அவர் கேப்டன் ஆவதற்கு முன்பே அவசரப்பட்டு வாய்க்கால் வெட்டியவர்களுக்கும் உண்டு. ஒரு சலவைக்காரிக்கு வளையாத சட்டம் ஒரு அதிகாரிக்கு எப்படியெல்லாம் வளைகிறது என்று ஊருக்குக் காட்ட, வெர்னா அதைக் கடை வாசலில் நின்று சத்தமாகப் படித்தாள். பிறகு அனுமதியையும் நிற அட்டையையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள்.

ஒரு மாதம் கழித்து ஹார்ட்விக் கடைக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம். டென்வர் நகரத்தில் எந்தச் சலவைக்கடையிலும் கறை போகவில்லை என்று அந்தக் கால்சட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். வெர்னா அதை வாங்கிக் கிணற்றுத் தண்ணீரில் போட்டாள். அவர் காத்திருந்தார். காய்ந்து வந்தபோது முழங்காலைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டுக் காவி இல்லை.

"நல்ல தண்ணிம்மா," என்றார். சொன்ன பிறகு, யாராவது கேட்டிருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வெர்னா மடித்துக் கட்டிக் கொடுத்தாள். பிறகு மேஜைக்கடியிலிருந்து தகரத் தொப்பியை எடுத்து, துணியால் ஒருமுறை துடைத்து, பொட்டலத்தின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

"ஆக்னஸுக்கு மேல இன்னொரு குவியல் இருக்கு சார், வடக்கு ஓடையில. அடுத்த ஜூலை அங்கதான். பழைய கால்சட்டையாப் போட்டுக்கிட்டு வாங்க."